கீல் பூசிய பேழை எந்த ஊரில் பிறந்தது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பிதழில், பைபிளில் வரும் நோவா காலத்துப் பெருவெள்ளம் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையை இரண்டு முறை படித்தேன். எழுதியவர் நிறையத் தேடிப் படித்திருக்கிறார், அது தெரிகிறது. ஆனால் எந்த வெள்ளம், எந்த ஆண்டு, எந்தக் கடல் என்று தேடிக்கொண்டே போன கட்டுரை, கடைசியில் நோவாவும் மனுவும் நம் குமரிக்கண்டமும் ஒரே வெள்ளத்தின் நினைவுதான் என்று முடித்துவிட்டது. அந்த முடிவு எனக்குச் சரியாகப் படவில்லை. ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன். இடம் போதாமல் வெட்ட வேண்டி வந்தால் எங்கே வேண்டுமானாலும் வெட்டுங்கள், கடைசிப் பத்தியில் மட்டும் கைவைக்காதீர்கள்.

நான் இந்தக் கதையோடு வளர்ந்தவன். எழுத்துக்கூட்டிப் படிக்கத் தொடங்கிய வயதில் பாட்டியின் பைபிளில் முதன்முதலாக வாசித்த பக்கங்களில் இதுவும் ஒன்று. வெள்ளத்திலிருந்து தப்ப நோவா கட்டிய பேழை 300 முழ நீளம், 50 முழ அகலம், 30 முழ உயரம் என்பதெல்லாம் எனக்கு வாய்ப்பாடு மாதிரி மனப்பாடம். ‘உள்ளும் புறம்பும் கீல் பூசு’ என்று கடவுள் நோவாவிடம் சொல்கிற இடத்தில் நின்று, கீல் என்றால் என்ன பாட்டி என்று கேட்டேன். தார் மாதிரி ஒன்று, தண்ணீர் உள்ளே வராமல் இருக்கப் பூசுவது என்றார். அப்போது அது போதும். இப்போது நினைத்துப் பார்த்தால், இந்தக் கதை எங்கே பிறந்தது என்று தேடுகிறவர்கள் முதலில் பிடிக்க வேண்டிய நூல் அந்தக் கீல்தான் என்று தோன்றுகிறது.

எபிரேய மூலத்தில் அந்த இடத்தில் வரும் சொல் ‘கோஃபேர்’. கீல் என்ற பொருளில் எபிரேய பைபிள் முழுவதிலும் அந்தச் சொல் இந்த ஒரே இடத்தில்தான் வருகிறது. மற்ற இடங்களில் அதற்கு வேறு சொற்கள் இருக்கின்றன. குழந்தை மோசேயை வைத்து நைல் நதியில் விட்ட நாணற்பெட்டிக்குப் பூசியதைச் சொல்லும்போதுகூட வேறு சொற்கள்தான். ஆனால் பண்டைய ஈராக்கில் பாபிலோனியர்கள் பேசிய அக்காத் மொழியில் கீலுக்கு அன்றாடச் சொல்லே ‘குப்ரு’. கோஃபேர், குப்ரு இரண்டையும் பக்கத்தில் வைத்துச் சொல்லிப் பாருங்கள், கதையோடு சேர்ந்து சொல்லும் நடந்து வந்திருப்பது காதிலேயே விழும். அங்கே யூப்ரடீஸ் ஆற்றங்கரையில் ஹீத் என்ற ஊரில் கீல் நிலத்திலிருந்து தானாக ஊறி வரும். அந்த நாட்டில் படகுக்கும் கூடைக்கும் செங்கல் சுவருக்கும் அதைத்தான் பூசினார்கள். எபிரேயர்கள் வாழ்ந்த நாட்டை ஒட்டிய சாக்கடலிலும் கீல் மிதந்து வரும் என்பது உண்மைதான், ஆகவே பொருளை மட்டும் வைத்து ஊரைச் சொல்லிவிட முடியாது. சொல்லையும் சேர்த்துப் பார்க்கும்போதுதான் திசை தெரிகிறது.

அந்தத் திசையைக் காட்டியவர் ஜார்ஜ் ஸ்மித். உங்கள் கட்டுரை அவரை ஒற்றை வரியில் தாண்டிப் போய்விட்டது, அது எனக்கு வருத்தம். 1840இல் லண்டனில் ஓர் எளிய குடும்பத்தில் பிறந்து, 14 வயதில் பள்ளியை விட்டு, பணத்தாள் அச்சடிக்கத் தகடு செதுக்கும் வேலைக்குப் போன மனிதர் அவர். மதிய இடைவேளைகளில் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போய் அங்கே குவிந்து கிடந்த களிமண் பலகைகளைப் பார்த்துப் பார்த்து, அவற்றில் ஆப்பு வடிவக் குறிகளாகப் பதித்திருந்த ஆப்பெழுத்தைத் தானாகவே படித்துக்கொண்டார். நுணுக்கமான கோடுகளைச் செதுக்கிப் பழகிய கண் அல்லவா, பட்டம் பெற்றவர்களுக்குப் பிடிபடாத உடைந்த துண்டுகள்கூட அவருக்குப் பிடிபட்டன. அந்தப் பலகைகள் இன்றைய ஈராக்கில் மோசுல் நகருக்கு எதிரே இருந்த பழைய நினிவேயில், அசூர்பானிபால் என்ற அசீரிய அரசன் சேர்த்து வைத்த நூலகத்திலிருந்து தோண்டி எடுத்தவை. 1872இல் அதில் ஒன்றைப் படிக்கும்போது, ஒரு கப்பல் மலையில் தங்கியது, ஒரு புறாவை வெளியே விட்டார்கள், அது உட்கார இடமில்லாமல் திரும்பி வந்தது என்ற வரிகள் வந்தன. இரண்டாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளாக மண்ணுக்குள் கிடந்த வரிகள். அந்த ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி லண்டனில் ஒரு கூட்டத்தில் அவர் அதைப் படித்துக்காட்டியபோது பிரதமர் கிளாட்ஸ்டனே வந்து உட்கார்ந்து கேட்டார். பலகையில் சில வரிகள் உடைந்து போயிருந்தன. அதைத் தேடி வரச் சொல்லி டெய்லி டெலிகிராப் நாளிதழ் 1,000 கினி (அந்தக் கால இங்கிலாந்துப் பணம்) கொடுத்தது. ஸ்மித் 1873இல் நினிவே போய், பழைய தோண்டல்காரர்கள் ஒதுக்கிப் போட்ட குப்பைக்குள் தேடி, சில நாட்களிலேயே வெள்ளக் கதையின் ஒரு துண்டை எடுத்தும்விட்டார். அது அதே பலகையின் துண்டு அல்ல, அதே கதையின் இன்னும் பழைய வடிவத்தைச் சேர்ந்தது என்பது பிற்பாடுதான் தெரிந்தது. 1876இல் மூன்றாம் பயணத்தில் அலெப்போ பக்கத்தில் நோயில் இறந்தார். வயது 36. இந்தக் கதையைப் பற்றி யார் எதைப் பேசினாலும் அவர் பெயரில்தான் தொடங்க வேண்டும் என்பது என் எண்ணம்.

சரி, பலகையில் என்ன இருக்கிறது? பாபிலோனியரின் கில்காமேஷ் காவியத்தின் 11ஆம் பலகை அது. சாவுக்குப் பயந்து ஓடுகிற கில்காமேஷ், சாகா வரம் பெற்ற உத்னபிஷ்டிம் என்ற கிழவரைத் தேடிப் போகிறான். அவர் தன் கதையைச் சொல்கிறார். யூப்ரடீஸ் கரையில் இருக்கிற சுருப்பாக் நகரத்துக்காரர் அவர். தெய்வங்கள் வெள்ளம் அனுப்பத் தீர்மானிக்கின்றன, ஒரு தெய்வம் மட்டும் மனமிரங்கி முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, அவர் படகு கட்டிக் குடும்பத்தையும் விலங்குகளையும் ஏற்றுகிறார், ஆறு பகலும் ஏழு இரவும் புயல் அடிக்கிறது, படகு மலையில் தட்டி நிற்கிறது. புறாவை விடுகிறார், திரும்பி வருகிறது. குருவியை விடுகிறார், அதுவும் திரும்பி வருகிறது. காக்கையை விடுகிறார், அது வரவில்லை. வெளியே வந்து பலி கொடுக்கிறார், அந்த மணத்தை முகர்ந்து தெய்வங்கள் வந்து கூடுகின்றன. நோவாவும் காக்கையையும் புறாவையும் விடுகிறார், பலி கொடுக்கிறார், கர்த்தர் அந்தச் சுகந்த வாசனையை முகர்கிறார். ஏதோ இரண்டு நாட்டில் இரண்டு வெள்ளம் வந்து இரண்டு பேர் தனித்தனியாகச் சொன்ன கதையாக இது இருக்க முடியாது. வெள்ளம் எங்கேயும் வரும். பறவைகள் வரிசையாகப் பறந்து போவது எல்லா இடத்திலும் தற்செயலாக அமையாது.

நினிவேயில் கிடைத்தது கி.மு. 7ஆம் நூற்றாண்டுப் படி. கதை அதைவிட ஆயிரம் ஆண்டு மூத்தது. கி.மு. 17ஆம் நூற்றாண்டில், அம்மிசதுக்கா பாபிலோனை ஆண்டபோது எழுதிய அத்ரகசீஸ் காவியத்தில் இதே வெள்ளம் முழுசாக வருகிறது. நான் படித்ததிலேயே மனசை அதிகம் பிசைந்த வெள்ளக் கதை அதுதான். மனிதர்கள் உண்டாவதற்கு முன்னால் சிறிய தெய்வங்கள்தான் கால்வாய் வெட்டி, மண் சுமந்து பாடுபட்டார்களாம். பொறுக்க முடியாமல் ஒரு நாள் கருவிகளைத் தீயில் போட்டுவிட்டு, பெரிய தெய்வமான என்லில் வீட்டு வாசலில் போய் நின்றார்கள். அந்த வேலையைச் செய்யத்தான் களிமண்ணில் ஒரு தெய்வத்தின் இரத்தத்தைக் கலந்து மனிதனைப் படைத்தார்கள். மனிதர்கள் பெருகினார்கள், நாடு எருது மாதிரி முழங்கியது, என்லிலுக்குத் தூக்கம் போயிற்று. முதலில் கொள்ளைநோய் அனுப்பினார், அப்புறம் வறட்சி, அப்புறம் பஞ்சம், எதற்கும் மனிதர்கள் அடங்காததால் கடைசியில் வெள்ளம். வெள்ளம் வந்த பிறகு, மனிதர்களை உருவாக்கிய தாய்த்தெய்வம் ஆற்றைப் பார்த்து அழுகிறாள், என் பிள்ளைகள் தட்டான்பூச்சிகள் மாதிரி ஆற்றை நிரப்பிக் கிடக்கிறார்களே என்று. அந்த வரியைப் படித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டேன். ஆற்றில் பிணங்கள் மிதந்ததைப் பார்த்திராத ஊரில் அப்படி ஓர் உவமை யாருக்கும் தோன்றாது.

கால்வாய் வெட்டிப் பிழைக்கிற நாட்டில்தான் தெய்வங்களும் கால்வாய் வெட்டும். இந்தக் கதையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் அந்த நாட்டு மண் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வெள்ளம் வரப்போகிற ரகசியத்தை மனிதனிடம் சொல்ல மாட்டேன் என்று சத்தியம் செய்துகொடுத்துவிட்ட என்கி தெய்வம், மனிதனிடம் பேசாமல் அவன் வீட்டு நாணல் சுவரிடம் பேசுகிறது. ‘நாணல் சுவரே, கேள்’ என்கிறது. வீட்டைப் பிரி, படகு கட்டு என்கிறது. தென் ஈராக்கின் சதுப்பு நிலத்தில் இன்றைக்கும் நாணலைக் கட்டுக்கட்டாகச் சேர்த்து வளைத்துத்தான் வீடு கட்டுகிறார்கள். நாணல் வீட்டைப் பிரித்தால் படகுக்குச் சரக்கு தயார். மரமும் கல்லும் வைத்து வீடு கட்டுகிற ஊரில் இந்த வசனத்துக்கு அர்த்தமே இல்லை.

இதைவிடப் பெரிய சான்று 2014இல் வெளிவந்தது, உங்கள் கட்டுரை அதைத் தொடவே இல்லை. பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தின் இர்விங் ஃபிங்கல், கைபேசி அளவே இருக்கிற ஒரு களிமண் பலகையைப் படித்து வெளியிட்டார். கி.மு. 1900க்கும் 1700க்கும் நடுவில் எழுதியது, 60 வரி. அதில் பேழை வட்டமாக இருக்கிறது. பனைநார்க் கயிற்றைச் சுருட்டிச் சுருட்டிக் கட்டி, விலா எலும்பு மாதிரி மரம் கொடுத்து, உள்ளும் வெளியும் கீல் பூசிய ஒரு ராட்சசப் பரிசல். ஆமாம், காவிரியில் ஓடுகிறதே, அதே பரிசல்தான். ஈராக்கில் அதற்கு ‘குஃபா’ என்று பெயர், 20ஆம் நூற்றாண்டு வரைக்கும் டைகிரிசில் ஓடியது. பலகையில் சொன்ன அளவில் கட்டினால் குறுக்கே கிட்டத்தட்ட 70 மீட்டர், சுவர் 6 மீட்டர் உயரம். விலங்குகள் இரண்டிரண்டாக உள்ளே போனதும் அதிலேயே இருக்கிறது. அந்தப் பலகையைப் பார்த்துச் சிறிய அளவில் ஒரு பேழையைக் கேரளத்தில்தான் கட்டிக் காயலில் மிதக்கவிட்டுப் பார்த்தார்கள். தண்ணீர் கசிந்தது, ஆனாலும் மிதந்தது.

யோசித்தால் பரிசல்தான் சரி. நோவாவின் பேழை எங்கேயும் போய்ச் சேர வேண்டியதில்லை. அதற்குத் துடுப்பும் இல்லை, பாயும் இல்லை, சுக்கானும் இல்லை. வெள்ளம் வடிகிற வரை கவிழாமல் மிதந்தால் போதும். அப்புறம் இன்னொரு கணக்கு, இது எனக்கு மிகவும் பிடித்த கணக்கு. கில்காமேஷ் காவியத்தில் படகு சதுரம், பக்கத்துக்கு 120 முழம். பெருக்கினால் அடித்தளம் 14,400 சதுர முழம். நோவாவின் பேழை 300க்கு 50, அதாவது 15,000. வட்டப் பரிசலின் அடித்தளமும் கில்காமேஷ் படகின் அதே பரப்புதான், பாபிலோனியர் நிலம் அளக்கிற ஓர் ‘இக்கு’. வட்டம் சதுரமாகி, சதுரம் நீண்ட பெட்டியாகியிருக்கிறது, அடிப்பரப்பு மட்டும் ஏறக்குறைய அப்படியே நிற்கிறது. சிறுவயதில் நான் மனப்பாடம் செய்த 300க்கும் 50க்கும் பின்னால் ஒரு பாபிலோனியப் பரிசல்காரனின் கணக்கு இருக்கிறது என்று தெரிந்த நாளில் எனக்கு இருப்புக்கொள்ளவில்லை.

அந்த நாட்டுக்கு ஏன் வெள்ளம் இவ்வளவு பெரிய பயம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நைல் நதியின் வெள்ளம் அறுவடைக்குப் பின் வந்து, விதைப்புக்கு முன் வடிந்து, வண்டலைக் கொடுத்துவிட்டுப் போகும். டைகிரிசும் யூப்ரடீசும் அப்படி இல்லை. வடக்கே மலைகளில் பனி உருகி, வசந்தத்தில், வயலில் பார்லி அறுவடைக்கு நிற்கிற நேரம் பார்த்து வரும். தரை ஒரே சமதளம். கடலிலிருந்து அத்தனை தூரம் உள்ளே இருக்கிற பாக்தாதே கடல்மட்டத்துக்கு மேல் 35 மீட்டர்கூட இல்லை. வண்டல் படிந்து படிந்து ஆற்றின் படுகை சுற்றியிருக்கிற வயலைவிட உயர்ந்துவிடும், கரை ஓர் இடத்தில் உடைந்தால் தண்ணீர் போய் நிற்க எல்லையே கிடையாது. 1954இல்கூட டைகிரிஸ் வெள்ளம் பாக்தாதை அப்படி வளைத்துக்கொண்டது. அங்கே கூரைமேல் நின்று பார்க்கிற ஒருவனுக்கு நாலாபுறமும் அடிவானம் வரை தண்ணீர்தான். அவனுக்குத் தெரிந்த உலகம் முழுவதும் மூழ்கிவிட்டது என்றால் அவன் பொய் சொல்லவில்லை. உலகத்து மலைகளையெல்லாம் மூடிய தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று சிலர் இன்னும் மல்லுக்கட்டுகிறார்கள். உலகத்துப் பனி முழுவதும் உருகினாலும் கடல் 70 மீட்டர் அளவுக்குத்தான் ஏறும், பேழை தங்கியதாகச் சொல்கிற அராரத் மலையோ 5,137 மீட்டர். அந்தக் கேள்வியை அதோடு விட்டுவிடலாம்.

இப்போது கட்டுரையில் இருந்த நேரடிப் பிழைக்கு வருகிறேன். தொல்லியலாளர் லியனார்ட் வூலி 1929இல் தென் ஈராக்கின் பழைய ஊர் நகரத்தில் (பெயரே ஊர்தான்) நோவா வெள்ளத்தின் வண்டலைக் கண்டுபிடித்து நிரூபித்துவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள். வண்டல் கிடைத்தது உண்மை. பானை ஓட்டுச் சில்லுகூட இல்லாத சுத்தமான படிவு, எட்டடிக்கு மேல் கனம், அதற்குக் கீழே மறுபடியும் மனிதர்கள் வாழ்ந்த தடம். வூலியும் அதைப் பெருவெள்ளம் என்றுதான் அறிவித்தார், உலகமே பரபரத்தது. ஆனால் ஊர் நகரத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிற எரிது நகரத்தில் அந்த வண்டல் இல்லை. ஊர் நகரத்திலேயே தோண்டிய குழிகளில் சிலவற்றில்தான் இருந்தது. கிஷ் நகரத்தில் கிடைத்த வெள்ளப் படிவுகளுக்கு வேறு காலம், சுருப்பாக்கில் கிடைத்ததற்கு வேறு காலம். அதாவது வெள்ளம் ஒன்றல்ல, பல. ஒவ்வொரு நகரமும் ஒவ்வொரு தலைமுறையில் ஒரு முறை செத்துப் பிழைத்திருக்கிறது.

அவற்றில் ஒன்றைக் காட்டு என்று கேட்டால் நான் சுருப்பாக்கைக் காட்டுவேன். அங்கே கிடைத்த படிவு கி.மு. 2900 வாக்கில் வந்த வெள்ளத்தைச் சேர்ந்தது. பாபிலோனியருக்கு முன் அந்த நாட்டில் வாழ்ந்த சுமேரியர்களின் அரசர் பட்டியலில் வெள்ளத்துக்கு முன் அரசுரிமை கடைசியாக இருந்த நகரம் சுருப்பாக். ‘பிறகு வெள்ளம் அடித்துக்கொண்டு போனது’ என்று ஒரு வரி, அதற்கப்புறம் அரசுரிமை மறுபடியும் வானத்திலிருந்து இறங்கிக் கிஷ் நகரத்துக்கு வருகிறது. உத்னபிஷ்டிமும் சுருப்பாக்காரர்தான். அவருடைய சுமேரியப் பெயர் சியுசுத்ரா. அந்தச் சியுசுத்ராவுக்குத் தந்தை சொன்ன அறிவுரைகள் என்று ஒரு தனி நூலே சுமேரிய மொழியில் இருக்கிறது, கத்துகிற கழுதையை வாங்காதே என்கிற ரீதியில், நம் ஆத்திசூடி மாதிரி. ஆக அந்த ஊரின் பெயரும் அந்த மனிதரின் பெயரும் கதையில் ஒட்டவைத்தவை அல்ல, அந்த மண்ணிலேயே ஊறியவை. அந்த ஒரு வெள்ளம்தான் விதை என்று சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் கருங்கடலுக்கும் பாரசீக வளைகுடாவுக்கும் ஓடுவதற்கு முன்னால், கதையே ‘நான் இந்த ஊர்’ என்று சொல்கிற இடத்தில் நின்று கேட்கலாம் அல்லவா?

கருங்கடல் கருத்தை உங்கள் கட்டுரை அரைப்பக்கம் எழுதியிருந்தது. வில்லியம் ரயன், வால்டர் பிட்மன் என்ற இரண்டு நிலவியல் அறிஞர்கள் 1997இல் சொன்னது: ஏறக்குறைய 7,600 ஆண்டுகளுக்கு முன்னால் மத்தியதரைக்கடல் நீர் போஸ்பரஸ் நீரிணை வழியாக உடைத்துக்கொண்டு ஏரியாக இருந்த கருங்கடலுக்குள் கொட்டியது என்று. கடல்நீர் புகுந்ததை மறுக்கிறவர்கள் இல்லை. அது அவ்வளவு ஆழத்துக்கு, அவ்வளவு வேகமாகக் கொட்டியதா என்பதில்தான் பின்னால் வந்த ஆய்வாளர்கள் பலர் ஒத்துப்போகவில்லை. பாரசீக வளைகுடா இன்னும் சுவையானது. பனியுகத்தின் உச்சத்தில் கடல்மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் வரை தாழ்ந்திருந்தது, வளைகுடாவே அப்போது உலர்ந்த பள்ளத்தாக்கு, நடுவில் ஆறு. பனி உருக உருகக் கடல் உள்ளே ஏறி, சுமார் 6,000 ஆண்டுகளுக்கு முன் இன்றைய கரையையும் தாண்டி ஊர் நகரத்துப் பக்கம் வரை வந்தது. மூழ்கிய அந்தப் பள்ளத்தாக்கில் மனிதர்கள் வாழ்ந்திருந்தால் அவர்களிடம் சொல்வதற்கு ஒரு பெரிய கதை இருந்திருக்கும்.

ஆனால் அவர்கள் சொல்லும் கதை இதுவாக இருக்காது. ஏனென்றால் அந்த இரண்டு இடத்திலும் ஏறிய தண்ணீர் வடியவே இல்லை! கருங்கடல் இன்னும் கருங்கடலாகத்தான் இருக்கிறது, வளைகுடா இன்னும் வளைகுடாவாகத்தான் இருக்கிறது. நோவா கதையின் உயிரே தண்ணீர் வடிவதில் இருக்கிறது. எதற்காகப் பறவையை விடுகிறார்கள்? நிலம் திரும்பி வந்துவிட்டதா என்று பார்க்க. புறா ஒலிவ இலையோடு வருகிறது, நோவா இறங்கி, பலி கொடுத்து, அதே மண்ணில் திராட்சைத் தோட்டம் போடுகிறார். உத்னபிஷ்டிம் படகின் சன்னலைத் திறந்து பார்க்கும்போது மனிதர்கள் எல்லாம் களிமண்ணாகிக் கிடக்கிறார்கள். தண்ணீர் போய்ச் சேறு மிஞ்சியதைக் கண்ணால் பார்த்தவர்களின் கதை அது. ஆற்று வெள்ளம்தான் அப்படி வரும், அப்படிப் போகும்.

அது எபிரேயர்களிடம் எப்படி வந்தது என்பதை ஒரு பக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கி.மு. 6ஆம் நூற்றாண்டில் யூதர்களைச் சிறைபிடித்துப் பாபிலோனுக்குக் கொண்டுபோனபோது அங்கே கேட்டார்கள் என்பது ஒரு கருத்து. ஆனால் கில்காமேஷ் காவியத்தின் துண்டு ஒன்று இஸ்ரேலில் மெகிதோவிலேயே கிடைத்திருக்கிறது, அது கி.மு. 14ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆகவே அந்தக் காவியம் ரொம்ப முன்னாலேயே அந்தப் பக்கம் போயிருந்தது. நோவா கதை வருகிற, பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்திலும் எழுதிய இரண்டு கைகள் தெரிகின்றன. ஓர் இடத்தில் எல்லா விலங்கிலும் ஒரு சோடி, இன்னோர் இடத்தில் சுத்தமானவற்றில் ஏழு ஏழு சோடி. ஓர் இடத்தில் 40 நாள் மழை, இன்னோர் இடத்தில் 150 நாள் தண்ணீர். கடவுளின் பெயரும் இடத்துக்கு இடம் மாறுகிறது. இதை வைத்து இரண்டு மூலங்கள் பின்னிக் கிடக்கின்றன என்று 1753இலேயே சொன்னவர் ழான் அஸ்த்ருக் என்ற பிரெஞ்சு மருத்துவர்.

இதையெல்லாம் தெரிந்துகொண்டால் நம்பிக்கை போய்விடாதா என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். எனக்குப் போகவில்லை. பாபிலோனில் தூக்கம் கெட்டதற்காக மனிதர்களை அழிக்கிறார்கள். ஆதியாகமத்தில் பூமி கொடுமையால் நிறைந்ததற்காகக் கடவுள் மனம் நோகிறார். கதையை வாங்கிக்கொண்டவர்கள் பறவையையும் கீலையும் அப்படியே வைத்துக்கொண்டு காரணத்தை மாற்றினார்கள். குர்ஆனில் நூஹ் நபியின் (நோவாவின்) வரலாற்றில் பேழை ஜூதி மலையில் தங்குகிறது, அங்கே நெஞ்சைத் தொடுகிற இடம் வேறு: கப்பலில் ஏறாமல் மலைமேல் ஏறித் தப்பித்துக்கொள்கிறேன் என்கிற மகனைத் தந்தை கூப்பிடக் கூப்பிட அலை நடுவில் வந்துவிடுகிறது. என் நம்பிக்கை அந்த மாற்றங்களில் இருக்கிறது, தண்ணீரின் ஆழத்தில் இல்லை.

கடைசியாக மனுவும் குமரியும். சதபத பிராமணம் என்ற பழைய வேத நூலில் மனு கைகழுவும் நீரில் ஒரு சின்ன மீன் வந்து, என்னைக் காப்பாற்று, நான் உன்னைக் காப்பாற்றுவேன் என்கிறது. வளர்ந்த பிறகு தன் கொம்பில் படகைக் கட்டிக்கொண்டு வட மலைக்கு இழுத்துப் போகிறது. அங்கே அது வெறும் மீன்தான், விஷ்ணு இல்லை. மகாபாரதத்தில் அந்த மீன் பிரம்மா, புராணங்களில்தான் திருமாலின் அவதாரம். பாகவதத்தில் அந்த அரசன் பெயர் சத்தியவிரதன், திராவிட நாட்டு அரசன், கிருதமாலை ஆற்றங்கரையில் இருக்கிறவன் (வைகைதான் அது என்பார்கள்). இங்கே படகு இருக்கிறது, மலை இருக்கிறது, தப்பிக்கிற ஒருவர் இருக்கிறார், ஆகவே மேற்கே இருந்து வந்த கதையா என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பறவையும் கீலும் இல்லை, அதற்குப் பதில் மீனும் கொம்பும் இருக்கின்றன.

நம் கடல்கோள் அப்படிக்கூட இல்லை. ‘பஃறுளி யாற்றுடன் பன்மலை யடுக்கத்துக் குமரிக் கோடும் கொடுங்கடல் கொள்ள’ என்கிறது சிலப்பதிகாரம். இதில் மழை உண்டா? படகு உண்டா? தெய்வம் தேர்ந்தெடுத்த ஒரே ஒரு குடும்பம் உண்டா? ஒன்றும் கிடையாது. கடல் வந்து நிலத்தை எடுத்துக்கொண்டது, திருப்பித் தரவில்லை, அவ்வளவுதான். கலித்தொகையில் நிலத்தைக் கடலிடம் இழந்த பாண்டியன் சோர்ந்து உட்காரவில்லை, சோழ சேர நிலங்களைப் பிடித்து ஈடுகட்டிக்கொள்கிறான். இறையனார் களவியல் உரையில் கபாடபுரத்தைக் கடல் கொண்ட பிறகு சங்கம் இன்றைய மதுரையில் கூடுகிறது. மணிமேகலையில் இந்திரவிழா நின்றுபோனதால் புகாரைக் கடல் கொள்கிறது, அங்கேயும் தண்ணீர் வடிந்த பேச்சே இல்லை. வெள்ளம் என்றும் கடல்கோள் என்றும் நம் மொழியே இரண்டு சொல் வைத்திருக்கிறது. வடிகிற தண்ணீரையும் வடியாத தண்ணீரையும் பார்த்த மக்களின் சொற்கள் அவை. பனியுகத்துக்குப் பின் ஏறிய கடலின் நினைவு எந்த மரபிலாவது இருக்கும் என்றால் அது நோவாவைவிட நம் கடல்கோளுக்குத்தான் பொருந்தும். அதைக் கொண்டுபோய் நோவாவின் பேழைக்குள் ஏற்றினால் இரண்டு கதையும் கெட்டுப்போகும். இதில் லெமூரியாவை இழுக்காமல் இருப்பதும் நல்லது. 1864இல் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர் லெமூர் என்ற விலங்குகளின் பரவலை விளக்க வைத்த பெயர் அது, நம் புலவர்கள் சொன்ன குமரிக்கோட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

ஆசிரியர் ஐயா, உங்களிடம் நான் கேட்பது இரண்டு. ஊர் நகரத்து வண்டல் நோவா வெள்ளத்தை நிரூபித்துவிட்டது என்ற வரிக்கு ஒரு சிறிய திருத்தம் போடுங்கள், எரிதுவில் அது இல்லை என்ற ஒரே வாக்கியம் போதும். இன்னொன்று, அத்ரகசீஸ் காவியத்தின் வெள்ளப் பகுதியையும் கில்காமேஷ் 11ஆம் பலகையையும் அக்காத் மொழி அறிந்தவர் துணையோடு தமிழில் பெயர்த்து, வாரம் ஒரு பகுதியாக உங்கள் ஞாயிறு இதழில் வெளியிடுங்கள். விளக்கக் கட்டுரை கூட வேண்டாம், வரிகளை மட்டும் கொடுங்கள். கட்டுரையோடு நீங்கள் போட்டிருந்த நீளக் கப்பல் படத்துக்குப் பதிலாக அந்த முதல் வாரத்தில் ஒரு வட்டப் பரிசலின் படம் வந்தால் மிகவும் மகிழ்வேன்.

இப்படிக்கு,
உங்கள் நெடுநாள் வாசகன்